இடது தோள் பொத்தான்

இந்த ஜென்மத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று தையல்காரர் சபதம் எடுத்துவிட்டார். சும்மா இல்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, எழுந்து நின்று, கழுத்தில் டேப் தொங்க, ஃபோனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு எடுத்தார். ரசிகர் குழுவில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். குரலைக் கேட்டால் நாட்டை விட்டே போகிற ஆள் என்று தோன்றும். போகாமல் இருக்கப்போவது ஒரு சினிமாவுக்கு.

விஷயம் இதுதான். சின்ன வயதில் வாடகைக்கு எடுத்துப் படித்த காமிக்ஸ் ஒன்று அவருக்கு உயிர். அதில் சாம்பல்சிறகன் என்று ஒரு வீரன். பறப்பான், சுவர் ஏறுவான், ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். அதெல்லாம் எந்த வீரனும் செய்வான். இவன் மட்டும் செய்வது ஒன்று உண்டு. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, இடது தோளில் இருக்கும் ஒற்றைப் பொத்தானைக் கழற்றி, தன் மேலங்கியை எடுத்துக் குளிரில் நடுங்குகிற யாருக்காவது போர்த்திவிட்டுப் போவான். அந்தக் கட்டத்தில் வசனமே இருக்காது. பொத்தானும் இரண்டு விரலும் மட்டும் பெரிதாக வரைந்திருக்கும்.

"அடுத்த புத்தகத்துல புது மேலங்கி எங்கேர்ந்து வருது?" என்று கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள்.

"எங்கேயோ ஒரு தையல்காரன் உக்காந்து தைச்சுக் கொடுக்கறான்" என்றார் இவர்.

இப்போது அந்தக் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். முன்னோட்டம் வந்தது. அதில் சாம்பல்சிறகன் களைத்துப் போய் அறைக்குள் வருகிறான். மேலங்கியைக் கழற்றுகிறான். எப்படி? தலை வழியாக. பனியனை உருவுவதுபோல் உருவிக் கட்டில்மேல் எறிகிறான்.

குழுவில் இழவு விழுந்தது. நிறம் சாம்பல் இல்லை, புகை என்றார் ஒருவர். தாடை நீளம் போதாது என்றார் இன்னொருவர். குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் ஒரு குரல்பதிவு போட்டார். அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை பெருமூச்சு மட்டும்தான் இருந்தது. தையல்காரர்தான் கொதித்துப்போனார். "பொத்தான் இருக்கறப்ப மானமுள்ளவன் தலை வழியா உருவுவானா? நான் செத்தாலும் உருவமாட்டேன். இந்தப் படத்தைப் பார்க்கவும் மாட்டேன்." குழுவே ஆமோதித்தது. எல்லாரும் சபதம் எடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு தரம் எடுத்தார்.

படம் வெளியான அன்று மனைவி ஒரு சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, படம் வந்துடுச்சாமே. போலாமா?"

"நான் சபதம் எடுத்திருக்கேன்."

"நீங்க எடுத்தீங்க. நான் எடுக்கலையே."

"குடும்பம்னா ஒண்ணுதானே."

"அப்ப எடுக்கறதுக்கு முன்னாடி குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதோடு விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டாள் என்று இவர் நினைத்தார். கல்யாணமாகி இத்தனை காலம் ஆகியும் மனுஷனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அறிவு வரவில்லை.

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் அவள் பொத்தான் வைப்பாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக் காட்டுவார். வில்லனுக்கு ஒரு குரல், ரயிலுக்கு ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவனுக்கு ஒரு எதிரொலி. அவள் சிரித்த சிரிப்பில் ஊசி பலமுறை விரலில் ஏறியிருக்கிறது. பிறகு ஃபோன் வந்தது, குழு வந்தது. அந்தக் குரலெல்லாம் குழுவுக்குப் போய்விட்டது. அவள் பேசாமல் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்கு அவள் மனசு ஏங்கியது. ஆனால் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவள்.

தையல்காரருக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. அதைச் சொன்னால் வெட்கக்கேடு. அவருக்குப் படம் பார்க்க வேண்டும். எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காற்றில் அதன் ஒரு மூலை படபடக்கும்போதெல்லாம் மேலங்கியே பறப்பதுபோல் இருந்தது. சின்ன வயதில் காமிக்ஸில் அந்தப் படங்களை எத்தனை தரம் புரட்டியிருப்பார், ஒரு தடவையாவது அசையாதா என்று. இப்போது அது அசைகிறது, இரண்டு தெரு தள்ளித் தியேட்டரில், தினமும். இவர் இங்கே உட்கார்ந்து யாரோ ஒருவருடைய கால்சட்டையில் சட்டைக் காலரை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

பொறுக்க முடியவில்லை. ரகசியமாகப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார். பார்ப்பதென்றால் முறையாகப் பார்க்க வேண்டும், மேலங்கி போட்டுக்கொண்டு. மிச்சமிருந்த சாம்பல் நிறக் கம்பளித் துணியை எடுத்தார். அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து வெட்டித் தைத்தும் முடித்தார். கழுத்தைத் தாராளமாக விட்டார், துணி அழகாகச் சரிய வேண்டுமே. பிரமாதமாக வந்தது. பொத்தான் மட்டும் பாக்கி.

அங்கேதான் சிக்கல். அந்தக் கடையில் வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. காஜாவும் பொத்தானும் அவள் வேலை. அவர் கையால் வைத்த பொத்தான் கடை வாசற்படி தாண்டாது, அதற்குள் விழுந்துவிடும். வேறு வழியில்லை. வாடிக்கையாளர் துணியோடு துணியாக மேலங்கியையும் மடித்து அவள் பக்கம் தள்ளினார்.

"என்னங்க இது, போர்வையா?"

"மழைக்கோட்டு."

"கம்பளியிலயா?"

"குளிர்கால மழைக்கு."

"கை எங்க?"

"அந்த ஆளுக்குக் கை வேண்டாமாம்."

"யாரு அது?"

"புது ஆளு. நீ பார்த்ததில்ல."

"ஓகோ. பொத்தான் எங்க வைக்கணுமாம்?"

"இடது தோள்ல. ஒண்ணே ஒண்ணு. மத்தியானத்துக்குள்ள வேணும், நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

அவள் துணியை இரண்டாக மடித்துத் தோளோடு தோள் வைத்துப் பார்த்தாள். பெரிய சாம்பல் பொத்தானாகத் தேடி எடுத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, மடித்துக் கையில் கொடுத்தாள்.

"புது ஆளு ரொம்ப நல்ல ஆளா இருக்கணும்" என்றாள்.

"ஏன்?"

"உங்க மூஞ்சியில இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு."

அப்போதாவது மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே? ஒரு பையில் மேலங்கியையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்தப் பழைய காமிக்ஸையும் போட்டுக்கொண்டு விறுவிறு என்று கிளம்பிவிட்டார்.

விளக்கு அணையும்வரை தியேட்டர் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இருட்டிய பிறகு உள்ளே போய், ஓரமாக ஒரு சீட்டைப் பிடித்து, மேலங்கியை எடுத்துப் போர்த்தி, இடது தோள் பொத்தானைப் போட்டார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்து சீட்டு காலி. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார்.

திரையில் சாம்பல்சிறகன் வந்தான். மேலங்கி அசைந்தது. காற்றில் விரிந்தது. தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. தாடை மறந்துபோயிற்று, நிறம் மறந்துபோயிற்று. நடுவில் இடது தோளில் யாரோ சுரண்டுவதுபோல் இருந்தது. பின் சீட்டுக் குழந்தை போலிருக்கிறது. "சும்மா இரு கண்ணு" என்று திரும்பாமலே சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

கடைசிக் காட்சி வந்தது. இடிந்த பாலத்தில், பாலத்துக் காவல்காரி ஒருத்தி குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். சாம்பல்சிறகன் அவள் முன்னால் மண்டியிடுகிறான். கை இடது தோளுக்குப் போகிறது. திரை முழுக்கப் பொத்தான். இரண்டு விரல்.

தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. தையல்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. அறைக்குள் தனியாக இருக்கும்போது தலை வழியாக உருவினவன், அந்தப் பொத்தானைத் தனக்காக ஒரு தரம்கூடத் தொடவில்லை. இன்னொருவருக்குக் கொடுக்கிறபோதுதான் பொத்தான். அதைச் சொல்லத்தான் அந்தப் பனியன் காட்சி. இதை வைத்துக்கொண்டா குழுவில் அத்தனை கத்து கத்தினோம் என்று இருந்தது அவருக்கு.

ரசிகர்கள் எழுந்துவிட்டார்கள். துண்டு, போர்வை, திரைச்சீலை என்று எதையாவது போர்த்திக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அதைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குப் போர்த்தினார்கள். நண்பனுக்கு நண்பன், அப்பாவுக்கு மகள், முன்பின் தெரியாதவருக்கு முன்பின் தெரியாதவர். தையல்காரரும் எழுந்து பக்கத்தில் திரும்பினார். காலி சீட்டு. அவள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். போலாமா என்று கேட்டாளே.

"ரொம்பக் குளிருதுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினார். பின் சீட்டில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மனைவி.

"நீ... எப்படி?"

"இடது தோளை ஒரு விரல் இறக்கி வெட்டியிருக்கீங்க. மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு அப்படித் தொங்கிப்போன தோள் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான் இருக்கு. மத்தியானம்னு நேரமும் நீங்களே சொன்னீங்க."

அந்த நிமிஷம் அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. பொத்தானைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட வேண்டும். விரல் இரண்டையும் தோளில் வைத்தார். பொத்தான் நகரவில்லை. இழுத்தார், திருகினார், தடவிப் பார்த்தார். பொத்தான், காஜா, துணி எல்லாம் சேர்த்துக் கல் மாதிரி தைத்திருந்தது.

"யாரு தைச்சது?"

"சும்மா இரு கண்ணுன்னு சொன்னீங்களே, அந்தக் குழந்தைதான்."

"இருட்டுலயா?"

"பொத்தான் வைக்கக் கண்ணு எதுக்கு? கழட்டிப் பையில ஒளிச்சுட்டு, மழைக்கோட்டு கொடுத்துட்டு வந்தேன்னு வந்து நிப்பீங்கல்ல? அதுக்குத்தான்."

வெளியே வெயில் கொளுத்தியது. கம்பளிக்குள் வேர்த்து ஊற்றியது. டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சினார்.

"அறுத்து விட்டுடும்மா. யாராவது பார்த்துடப்போறாங்க."

"தலை வழியா உருவுங்களேன்."

"செத்தாலும் மாட்டேன். குழுவுல சொல்லியிருக்கேன்."

"அப்ப கத்தரிக்கோல்தான் வழி" என்று மடியில் இருந்த கைப்பையைத் தட்டினாள். "உங்க பையில அந்தப் புத்தகம் இருக்குல்ல? அதைப் படிங்க. முழுசா. அப்புறம் பார்க்கலாம்."

"இங்கயா?"

"இங்கதான். குரலோட."

முதல் பக்கத்தை முணுமுணுப்பாகப் படித்தார். அவள் தன் கைப்பையை இன்னும் தள்ளி நகர்த்தினாள். சத்தத்தைக் கூட்டினார். வில்லன் வந்தான், குரல் தானாகவே கரகரத்தது. ரயில் வந்தது, ரயிலாகவே ஆகிவிட்டார். கிணற்று எதிரொலிக்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் கத்தரிக்கோலையே மறந்துவிட்டார். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அதில் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, கழுத்தில் ஊக்கு குத்திக்கொண்டு ஒருவர் நின்றார். மருந்துக்கடைக்காரர்.

"அண்ணே, நீங்களா?" என்றார் தையல்காரர்.

"யாரெல்லாம் சபதத்தை மீறறாங்கன்னு கண்காணிக்க வந்தேன்" என்றார் அவர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "நிறுத்தாதீங்க, அந்த ரயில் கட்டத்தை இன்னொரு தரம் படிங்க."

கடைசிப் பக்கம். பொத்தானும் விரலும். வசனம் இல்லாத கட்டம், ஆகவே அவரும் ஒன்றும் படிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தோளை அவள் பக்கம் நீட்டினார்.

"சரி. கத்தரிக்கோலை எடு."

அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, வீட்டுச் சாவி.

"எங்க கத்தரிக்கோல்?"

"நான் என்னைக்குங்க கத்தரிக்கோல் வெச்சுக்கிட்டேன்? நூலைப் பல்லாலதானே கடிப்பேன். கையைத் தூக்குங்க."

தூக்கினார். மருந்துக்கடைக்காரரும் ரசிகர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மேலங்கியைப் பனியன் மாதிரித் தலை வழியாக உருவினாள். தாராளமாக விட்ட கழுத்து, சிக்காமல் வந்துவிட்டது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார் தையல்காரர், கலைந்த தலையோடு.

"செஞ்சிருந்தா நீங்க கதை படிச்சிருப்பீங்களா?" என்றாள் அவள், மேலங்கியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு.