கோமளம் அடித்த ஆணிகள்

ஒரு காட்டில், காடு என்றதும் அருவி, யானை என்று போய்விடாதீர்கள், கடலோரத்துச் சவுக்குக் காடு அது, கோமளம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு குட்டிகள். கடலைப் பார்த்த வீடு, அதில் ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல்.

ஜன்னல் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் அதுதான் பெரிய விஷயம். சிங்காரம் என்கிற மயில், தன்னைத் தானே பார்த்து ரசிக்க ஆளுயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தான். அவ்வளவுதான், பொந்திலும் புதரிலும் நிம்மதியாகக் கிடந்ததெல்லாம் வீடு கட்டி ஜன்னல் வைக்க ஆரம்பித்தன. குடியிருப்போர் சங்கம் முளைத்தது. நாச்சியப்பன் என்ற கரடி தலைவரானார். அப்புறம் தும்முவதற்கும் விண்ணப்பம் கேட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறின. புயலாம். மறுநாள் மத்தியானம் கரையைக் கடக்குமாம். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைக்க வேண்டுமாம்.

பலகை இருந்தது, ஆணிதான் இல்லை. குரங்கு நடத்தும் ஹார்டுவேர் கடையில் வரிசை ஓடை வரைக்கும் நின்றது. பத்தாவது ஆளோடு சரக்கு தீர்ந்தது. வெறுங்கையோடு திரும்பும்போதுதான் நாச்சியப்பனின் பார்வை கோமளத்தின் முதுகில் விழுந்தது.

"தங்கச்சி, தப்பா நினைக்கக் கூடாது. ஒரு நாலு முள்ளு கிடைக்குமா?"

"நாலுதானே, எடுத்துக்குங்கண்ணே" என்றாள் பாவி. இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது.

நாலு நாற்பதானது, நாற்பது நானூறானது. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது சுருக்கென்று வலித்தது. அடிக்கவும் அவளையே கூப்பிட்டார்கள். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "அப்படியே கதவையும் சேர்த்து அடிச்சிரு, காத்து பெயர்த்துடும்" என்றார்கள். சிங்காரம் மட்டும், "அக்கா, கோணாம ஒரே வரிசையா அடிங்க. போட்டோ எடுக்கணும்" என்றான். ஆளைப் பார், ஆசையைப் பார்!

புதன்கிழமை மத்தியானம், தன் ஜன்னலுக்கென்று கடைசி எட்டு முள்ளோடு அவள் கிளம்பியபோது, நாச்சியப்பன் பலகை இடுக்கு வழியாகக் கத்தினார்.

"தங்கச்சி, சங்க அறை பாக்கி! உள்ளே கேரம் போர்டு இருக்கு!"

"அண்ணே, இது என் வீட்டுக்கு வச்சது."

"உன் வீட்டுக்கு நாங்க இல்லையா?"

எட்டும் கேரம் போர்டைக் காப்பாற்றப் போயின.

மூன்று மணிக்குப் புயல் அடித்தது. கோமளத்தின் ஜன்னல் ஒரே அடியில் நொறுங்கி, குட்டிகள் படுத்திருந்த பாய்மேல் கொட்டியது. நல்லவேளை, அவை அம்மாவின் மடியில் இருந்தன. மொட்டை முதுகோடு, இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் கரடியின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, கதவைத் திறங்க! குழந்தைங்க நனையுது!"

"எப்படித் திறக்கறது? நீதானே அடிச்சே?"

"பல்லால இழுத்தா ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."

"ஐயையோ, இழுத்துடாதே! காத்து உள்ளே பூந்தா கண்ணாடி என்னத்துக்கு ஆகும்? சங்க அறைக்குப் போறதா இருந்தாலும் நேத்தே விண்ணப்பம் குடுத்திருக்கணும், பக்கத்து வீட்டுக்காரர் நேர்ல வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

சிங்காரத்தின் வீட்டைத் தட்டினாள். "ரொம்ப உறுதியா அடிச்சிருக்கீங்கக்கா, ஆடவே இல்லை!" என்று உள்ளேயிருந்து பாராட்டினான்.

அவள் இழுத்துத் திறந்திருக்கலாம். ஆனால் இப்படிப் பேசுகிறவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே எப்படி உட்காருவது? மேட்டில் இருந்த பழைய வளைக்குள் குட்டிகளோடு புகுந்துகொண்டாள். அதற்கு ஜன்னல் கிடையாது, அதனால் உடைய ஒன்றும் இல்லை. ஊருக்கே முள்ளைக் கொடுத்தவளுக்கு ஒரு கதவு திறக்கவில்லையே என்று வயிறெரிந்து அழுதாள்.

மறுநாள் சுள்ளென்று வெயில் வந்தது. ஒரு வீட்டிலும் கீறல்கூட இல்லை. ஆனால் ஒருத்தரும் வெளியே வர முடியவில்லை. உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி புழுங்கியது. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு மெசேஜ், எல்லாம் "கோமளம் எங்கே?" என்றுதான். அவள் குட்டிகளுக்கு ஊட்டி, தூங்கவைத்து, பத்து மணிக்கு நிதானமாக வந்தாள்.

"வந்துட்டியா, தாயி! சீக்கிரம் புடுங்கு!" என்றார் கரடி.

"புடுங்கறேண்ணே. ஒரு விண்ணப்பம் எழுதி இடுக்கு வழியா நீட்டுங்க. நேத்துக் கதவைத் தட்டினது யாரு, ஏன் திறக்கலைன்னு ரெண்டு வரி போதும். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்து வேணும். நேர்ல வந்து போடணும்."

"எல்லாரும் உள்ளே இருக்கோமே, யாரு வந்து போடறது?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. சட்டம் நீங்க போட்டது" என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பிறகு தலைவர் வீட்டிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். பலகையும் கண்ணாடியுமாகக் குத்தி உடைத்துக்கொண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட நாச்சியப்பன் வெளியே வந்தார். தலைவரே உடைத்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? புயல் உடைத்தது ஒரு ஜன்னல். சாயங்காலத்துக்குள் காட்டில் மிச்சம் ஒன்றும் இல்லை.

நீதி: பிறருக்கு உதவும்போது அவர்களை உள்ளே வைத்து, வெளியில் நின்று உதவுக. கண்ணாடியை அவர்களே உடைத்துக்கொள்வார்கள்.