பதினொரு நாள் பின்னால் வந்தவன்

பேராக் மாநிலம் எத்தனையோ விசித்திரப் பிறவிகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் ஆசைப்பட்டே சுடுசோறு தின்னாமல் வாழ்ந்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பஞ்சப்பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அவன் அரிசிக் கிட்டங்கியில் வேலை பார்த்தவன்.

அவனுக்குப் பெயர் வரிசை. பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். கிட்டங்கிக்கு வந்த இரண்டாவது வாரமே அதை நாங்கள் மறந்துவிட்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கதை இது. ஈப்போவில் ஒரு மளிகைக் கம்பெனி இருந்தது. சுங்காய், சிலிம் ரிவர் என்று தோட்டங்களைச் சுற்றி அதற்குக் கிளைக் கடைகள். எல்லாக் கடைகளுக்கும் அரிசி, பருப்பு, கருவாடு, பால் டின் போவது ஈப்போ ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த கிட்டங்கியிலிருந்துதான். அங்கே வேலை பழக இரண்டு பேரை எடுத்தார்கள். முதலில் நான் சேர்ந்தேன். பதினொரு நாள் கழித்து வரிசை சேர்ந்தான்.

ஆறு மாதம் பார்ப்பார்கள். பிறகு ஒருவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். இன்னொருவன் வந்த வழியே தோட்டத்துக்குப் போய்ப் பால்மரம் சீவ வேண்டியதுதான். எனக்கு ரப்பர் மரம் என்றாலே குளிர்காய்ச்சல் வரும். என் அப்பா சுங்காய்ப் பக்கம் இருபது வருடம் மரம் சீவி, மிச்சமாக இருமலைச் சேர்த்து வைத்திருந்தார். ஆகவே அந்த வேலை எனக்குக் கிடைத்தே தீரவேண்டும். அதற்காக நான் என்ன பாடுபட்டேன் என்று கேட்கிறீர்களா? மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கினேன்.

கிட்டங்கிக்குத் தலைவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. முதல் நாளே எங்களுக்கு மொத்த வித்தையையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

"இங்க பாருங்கடா. முன்னால வந்த மூட்டை முன்னால போவணும். பழுதான மூட்டை வாசப்படி தாண்டக் கூடாது. இது ரெண்டுதான் கிட்டங்கி வேலை. மத்ததெல்லாம் முதுகு வலி."

இதை நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். வரிசையோ வேதமாக எடுத்துக்கொண்டான். அன்று பிடித்த சனி அவனை விடவே இல்லை.

கிட்டங்கியின் மச்சில் இருவரும் தங்கியிருந்தோம். தினமும் மாலையில் சோறு வடிப்போம். ஆவி பறக்கும். நான் தட்டைத் தூக்குவேன். வரிசை நேற்றைய பானையைத் திறப்பான்.

"சுடுசோறு இருக்குல்ல, சாப்பிடேண்டா!"

"நேத்து சோறு காத்துக்கிட்டு இருக்கு மச்சான். அது போனப்புறம்தான் இது."

நேற்றைய சோற்றில் வயிறு நிறைந்துவிடும். இன்றைய சோறு நாளைக்கு நேற்றைய சோறாகிவிடும். இப்படியாக அவன் உலகத்தைவிட ஒரு நாள் பின்தங்கியே உண்டு வாழ்ந்தான்.

பத்திரிகை விஷயத்தில் இன்னும் மோசம். பினாங்கிலிருந்து வரும் பத்திரிகைகளைப் பழைய கட்டிலிருந்து ஒவ்வொன்றாக, தேதி தவறாமல் படிப்பான். புதிதாக வருவது அடியில் போகும். ஒருமுறை கிந்தா ஆறு பெருகிக் கிட்டங்கிக்குள் முழங்கால் அளவு சேறு. அள்ளிக் கொட்டி, கழுவி, காயவைத்து நான்கு மாதம் ஆனபிறகு ஒரு காலையில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மச்சான், ஆத்துல தண்ணி ஏறுதாம் லா! பேப்பர்ல போட்டிருக்கான்!"

அந்தச் சேற்றில் பாதியை வாரியவனே அவன்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிறகு பாம்பு. பருப்பு அடுக்குக்குப் பின்னால் ஒரு நல்ல பாம்பு சுருண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் ரயிலே நின்றிருக்கும். வரிசை கம்போடு வந்தான். எட்டிப் பார்த்தான். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எலிப்பொறியை எடுத்தான்.

"என்னடா பண்ற?"

"எலி போன மாசமே வந்திருச்சு. பாம்பு இன்னிக்குத்தான வந்துச்சு? இரு லா."

நல்லவேளை, பாம்புக்குப் பொறுமை இல்லை. அதுவே எலியைத் தின்றுவிட்டு, வந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது. வரிசைக்குப் பரம திருப்தி. எலி முதலில் போயிற்று, பாம்பு அப்புறம்தான் போயிற்று.

ஆறாவது மாதம் என் தலையில் இடி விழுந்தது. முன்பு ஒருநாள் ரங்கூன் அரிசி வந்து இறங்கியபோது, பழைய மூட்டைகளை முன்னால் நகர்த்திவிட்டுப் புதியவற்றைப் பின்னால் அடுக்கியிருக்க வேண்டும். வரிசை அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். எனக்கோ தூக்கம் வந்துகொண்டிருந்தது. பழையதை அப்படியே சுவரோரம் விட்டு, புதியதை அதன் முன்னால் அடுக்கிவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

முன் அடுக்கு தீர்ந்து சுவரோர மூட்டைகள் வெளியே தெரிந்தன. நாற்பது மூட்டையிலும் வண்டு. வரிசை அவற்றின் முன்னால் உட்கார்ந்து, இழவு வீட்டில் அழுவதுபோல் ஓவென்று அழுதான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெரிய கிராணி வந்தார். முன் அடுக்கு யார் கைவேலை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

இருவரையும் மேசை முன் நிறுத்தினார்.

"வரிசை, வேலை உனக்குத்தான். டேய் தூங்குமூஞ்சி, நீ நாளைக்கே தோட்டத்துக்குப் போ."

என் கண்ணுக்கு முன்னால் மரம் மரமாகத் தெரிந்தது.

வரிசை தலையைச் சொறிந்தான். "அது முறை இல்லீங்க கிராணி. இவன் பதினோரு நாள் முன்னால வந்தவன். இவனுக்குத்தான் முன்னால கொடுக்கணும்."

"முன்னால வந்தது முன்னால வெளிய போவணும்னுதான்டா சொன்னேன். அதான் அவனை வெளிய அனுப்புறேன்!"

வரிசை பணிவாகச் சொன்னான்:

"பழுதான மூட்டை வாசப்படி தாண்டக் கூடாதுன்னும் நீங்கதான சொன்னீங்க? இவன் பழுதுங்க. வெளிய விட்டா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு. இவன் இங்கயே கெடக்கட்டும். நல்ல மூட்டை நான் இருக்கேன், என்னை அனுப்புங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக என்னை யாரும் புகழ்ந்ததில்லை. பெரிய கிராணி கத்தினார், மேசையைத் தட்டினார், கெஞ்சியும் பார்த்தார். வரிசை அதற்குள் பாயைச் சுருட்டிவிட்டான். அவசரத்துக்குக் கம்பெனிக்கு மிஞ்சியது பழுது மட்டும்தான்.

ரயிலடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "கிறுக்கா, நீ போய் மரம் சீவணும்டா!"

"சீவுறேன். அங்க மரமெல்லாம் வரிசையாத்தான் நிக்குதாம் லா." ரயில் நகரும்போது தலையை நீட்டினான். "நீ தூங்கறப்ப, மரம் வேணாம், மரம் வேணாம்னு பொலம்புவ மச்சான். நான் கேட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு நான் மூட்டை மேல் தூங்கவில்லை. தூங்க வெட்கமாக இருந்தது. பல வருடம் கழித்து அதே மேசைக்குப் பின்னால் நானே பெரிய கிராணியாக உட்கார்ந்தேன். வரிசை சிலிம் ரிவர் தோட்டமொன்றில் கடைசிவரை மரம் சீவினான். வருடம் ஒருமுறை என் வீட்டுக்கு வருவான். என் மனைவி சுடச்சுடச் சோறு போடுவாள். அவன் சங்கடத்தோடு நெளிவான்.

"நேத்து சோறு இல்லையா அக்கா?"

போன மாசியில் ஆள் வந்து சொன்னான். முதல் ரயிலைப் பிடித்துப் போனேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். பார்க்க வந்த சனங்கள் அவனுக்குப் பிடித்த மாதிரியே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்து அவன் காதருகே திட்டினேன்.

"பதினோரு நாள் முன்னால வந்தவன் நான் இன்னும் இங்கதான நிக்கிறேன். உனக்கென்னடா அவசரம்?"