வெண்கலக் காது

உலகத்தில் எத்தனையோ அரசுகள் வந்து போயிருக்கின்றன. கோட்டை கட்டியவை உண்டு, குளம் வெட்டியவை உண்டு, வரி போட்டே வரலாற்றில் இடம் பிடித்தவையும் உண்டு. ஆனால், உடம்பு சரியில்லாத ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போன் வழியாகப் போய், மரியாதையாக, அலுக்காமல், இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்த அரசு ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல் யாருடையது என்று பிற்காலத்தில் ஆராய்ச்சி நடக்கும். ஆராய்ச்சியாளர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று இப்போதே சொல்லிவிடலாம். குழந்தைகள் காப்பீட்டுத் துறையின் துணை இயக்குநருடையது.

அலுவலகத்தில் அவருக்கு 'வெண்கலம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சுகம். பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசித்த நாளிலிருந்தே அந்தக் கணீர்க் குரலை அவர் தன் சொத்தாகப் பாவித்து வந்தார். வேறு சொத்து இல்லை என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். "மூளை சுமார்தான். தொண்டைதான் எனக்குச் சம்பாதிச்சுப் போடுது" என்பார். கேட்பவர்கள் மறுத்துப் பேசுவார்கள் என்று கொஞ்சம் காத்திருப்பார். யாரும் மறுத்ததில்லை.

மாநிலம் பெரியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் போனால் வழியில் இரண்டு முறை பல் தேய்க்க வேண்டும். இத்தனை பெரிய மாநிலத்தில் ஒரு குழந்தைகூட விடுபடாமல் எல்லோருக்கும் இலவச மருத்துவக் காப்பீடு என்பது திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குழந்தைகள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்ததுதான் குறை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கை முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டார்கள். திட்டத்தை அப்படியே நம்பிவிடுவார்கள் என்று அதை வகுத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

எனவே சீர்திருத்தம் வந்தது. பெற்றோர் ஆண்டுக்கு ஒரு முறை உதவி எண்ணுக்குப் போன் செய்து, தங்கள் குழந்தை இன்னும் குழந்தையாகத்தான் இருக்கிறது என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். 'நீக்கப்பட்டவர்' என்பது கடுமையான சொல் என்பதால் அப்படிப்பட்ட குழந்தைகளை 'தாமாக விலகியவர்கள்' என்று அழைப்பதென முடிவானது. சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் வெண்கலம். நாலு வயதுக் குழந்தை தானாக விலகுமா என்று அவருக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் சொல் அழகாக இருந்தது.

உதவி எண்ணுக்குக் குரல் கொடுக்க வந்த தொழில்முறை அறிவிப்பாளர் கூலி கேட்டார். வெண்கலம் இலவசமாகவே தருவதாக முன்வந்தார். கிடங்கு அறையில் ஒலிப்பதிவு. யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தார். குரலில் கசங்கல் தெரியக் கூடாதல்லவா. "வணக்கம். உங்கள் குழந்தையின் நலனே எங்கள் மூச்சு. எங்கள் அலுவலர்கள் அனைவரும் வேறு குழந்தைகளின் நலனில் ஈடுபட்டிருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்." அலுவலர்கள் அனைவரும் என்பது மூன்று பேர். அதில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

அடுத்து, சேவை நன்றாக நடக்கிறதா என்பதை எப்படி அளப்பது என்று கூட்டம் போட்டார்கள். எத்தனை குழந்தைக்குச் சிகிச்சை கிடைத்தது என்று எண்ணலாமே என்றார் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணக்காளர். அறையில் ஒரு சங்கடம் நிலவியது. இயக்குநர் மேடம் அவரை அன்போடு பார்த்து, சிகிச்சை மருத்துவர்கள் கையில் இருக்கிறது, நம் கையில் இருப்பது போன் மட்டும்தான் என்று விளக்கினார். போன் பேச்சு முடிந்துவிட்டால் பிரச்சினையும் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

"வெறுத்துப்போய் வெச்சுட்டாங்கன்னா?" என்றார் கணக்காளர்.

"வெறுத்துப் போறதும் ஒரு முடிவுதானே" என்றார் மேடம்.

இந்த ஆழ்ந்த கருத்தை விதியாக வடிக்கும் பொறுப்பு வெண்கலத்திடம் வந்தது. மொட்டையாக 'போனை வைத்தால் தீர்வு' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து எழுதினார்: 'அழைத்தவர் காதில் நமது குரல் ஓய்ந்ததும், அவரது கோரிக்கை தீர்ந்ததாகக் கொள்ளப்படும்.' கூட்டத்தில் வாசித்தபோது மேடமே மேசையைத் தட்டினார். அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போய் அவளுக்கும் வாசித்துக் காட்டினார். தங்கை வீட்டில் இருந்தபடியே பள்ளிச் சீருடை தைப்பவள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே கேட்டுவிட்டு, "பாட்டு மாதிரி இருக்கு அண்ணா" என்றாள். ஒரு அதிகாரியின் வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும்?

அதே வாரத்தில் இன்னொரு விதியும் எழுதினார். துறை ஊழியர் யாரும் தம் சொந்தக்காரர்களுக்காகச் சிபாரிசு செய்யக் கூடாது. யாராக இருந்தாலும் உதவி எண்ணின் வழியாகத்தான் வர வேண்டும். நேர்மைக்குப் பேர்போன விதி. அதை எழுதிய நாளில் அவருக்குச் சொந்தத்தில் யாருக்கும் எந்த நோயும் இல்லை.

புகழ் பரவியது. மருந்துக் கடையில் தொண்டைக்கு மாத்திரை கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். பிறகு, "கொஞ்சம் இணைப்பிலேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்து முடித்து, ஷட்டரை இழுத்துவிட்டார். வெண்கலம் இதைப் பொதுமக்களின் நகைச்சுவை உணர்வு என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "தேவைதாண்டா உனக்கு" என்று கணீரென்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தங்கையின் மகளுக்கு வாயாடி என்று பெயர். ஒன்றாம் வகுப்பு. அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரி. அதனால் அவளுடைய பேச்சு முழுவதும் அம்மாவுக்கும் மாமாவுக்கும்தான். அவளுக்கு இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்பை அரிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் பயமில்லை. தள்ளிப்போட்டால் கேட்கும் சக்தி போய்விடும், போனால் திரும்பாது. தங்கை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் காப்பீட்டு அட்டையை நீட்டினாள். கணினியைப் பார்த்த பெண் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். வாயாடி 'தானாக விலகியவர்' ஆகியிருந்தாள்.

தங்கை நேராக அண்ணன் அலுவலகத்துக்கு வந்தாள். உறுதி சொல்ல உதவி எண்ணுக்குப் போன் செய்யாமல் இல்லை, எத்தனையோ தரம் செய்தாயிற்று என்றாள். வரிசையில் காத்திருக்கும்போது துணி கொடுக்க ஆள் வரும், கரண்ட் போகும், போனில் சார்ஜ் தீரும். மறுபடி போட்டால் வரிசை முதலிலிருந்து.

வெண்கலம் விதியை எடுத்துச் சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார். நேர்மை என்பது சொந்த வீட்டில்தான் தொடங்க வேண்டும் என்றார். உதவி எண்ணுக்கே மறுபடி பேசிப் பார் என்றார்.

"உன்கிட்டதான் அண்ணா ஒரு மாசமாப் பேசிட்டிருக்கேன்" என்றாள் தங்கை. "நீ எங்க என்னைப் பேச விடுற?"

அவள் போனதும் வெண்கலம் கதவைச் சாத்திவிட்டுத் தானே உதவி எண்ணைச் சுழற்றினார். விதியில் அதற்குத் தடை இல்லை. மணியடித்ததும் தன் குரல் வணக்கம் சொன்னது. பழக்கத்தில் இவரும் பதில் வணக்கம் சொன்னார். உங்கள் தேவையை ஒரு சொல்லில் கூறவும் என்றது குரல். "காது" என்றார். மன்னிக்கவும், எதுவும் கேட்கவில்லை என்றது. "காது" என்று உரக்கச் சொன்னார். மன்னிக்கவும் என்றது. அந்த 'மன்னிக்கவும்' இப்படி இளக்காரமாக ஒலிக்கும் என்று பதிவு செய்தபோது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில், வெளியே இருந்த பியூனுக்குச் சார் உள்ளே இரண்டு பேராகச் சண்டை போடுவது கேட்டது. இரண்டு பேருக்கும் ஒரே குரல்.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரரை வரவழைத்துக் கேட்டார். அவர் விளக்கினார். "மெஷின் பேசுறது அதோட காதுலயே திரும்ப விழும் சார். அதைக் கேட்டு அது குழம்பக் கூடாதுல்ல. அதனால, இந்தக் குரல் வந்தா காதுல வாங்காதேன்னு சொல்லி வெச்சிருக்கோம்."

"அப்ப நான் என்ன சொன்னாலும்?"

"அது ஏதோ தானே பேசிட்டிருக்கோம்னு நினைச்சுக்கும் சார்."

வெண்கலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் பேச்சைத் தவிர வேறெதையும் கேட்காத ஆள் என்று மனைவி தன்னைத் திட்டுவது நினைவுக்கு வந்தது. இப்போது தன் பேச்சையும் கேட்காத ஒன்றைத் தானே உண்டாக்கிவிட்டார். சிரித்து முடித்ததும் வாயாடியை நினைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை பேசாமல் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

கைக்காசைப் போட்டுச் செய்துவிடலாம் என்று தனியார் ஆஸ்பத்திரியில் விசாரித்தார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வெண்கலக் குரலே கம்மிப்போனது. பிறகு மேடத்தின் அறைக்குப் போனார். ஒரே ஒரு விதிவிலக்கு, குழந்தை என் தங்கை மகள் என்றார்.

மேடம் நெகிழ்ந்துபோனார். குழந்தைக்காக அல்ல. "இந்த வருஷம் சிறந்த மக்கள் சேவை விருது நம்ம துறைக்குத்தான். வெள்ளிக்கிழமை அறிவிக்கிறாங்க. மேடையேறப் போறது நீங்க. உங்க விதியை நீங்களே மீறிட்டு எப்படி ஏறுவீங்க?"

வெண்கலம் யோசித்தார். இந்த இடத்தில்தான் அவருடைய பெருமை முழுவதும் வெளிப்பட்டது. விதியை மீறுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய சிபாரிசைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டார், நல்ல நடையில். விருது வாங்கிய கையோடு கொடுத்தால் அதற்கு மதிப்பும் கூடும். இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ளவும் செய்தார். பதில் வழக்கம்போல மரியாதையாக இருந்தது: தயவுசெய்து காத்திருக்கவும்.

நடுவில் ஒரு நாள் தங்கை வீட்டை எட்டிப் பார்த்தார். தையல் மெஷின் மேல் போன் கிடந்தது, ஸ்பீக்கரில். அவருடைய குரல் வீடு முழுக்க நிறைந்திருந்தது. வாயாடி போனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதில் பஞ்சோடு, அவரோடு சேர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "உங்கள் குழந்தையின் நலனே எங்கள் மூச்சு." ஒரு சொல் பிசகவில்லை. அவரைப் பார்த்ததும், "மாமா, நீங்க ஏன் சொன்னதையே சொல்றீங்க?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் எழுதித் தரவில்லை, செல்லம், என்று சொல்லிச் சமாளித்தார்.

வெள்ளிக்கிழமை விழா நிறைவாக நடந்தது. மாநிலத்தில் வந்த கோரிக்கைகளில் அநேகமாக எல்லாமே தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். கைதட்டலுக்கு நடுவே வெண்கலத்துக்கு ஒரு எண்ணம் ஓடியது. தங்கை வைத்த போன், கரண்ட் போய் அறுந்த போன், எல்லாமே அந்தத் தீர்வுகளில் அடக்கம். அவளுக்குத்தான் எத்தனை தரம் தீர்த்துவைத்திருக்கிறார். விருதாக வெண்கலத்தில் வார்த்த பெரிய காது ஒன்றைக் கொடுத்தார்கள். மக்கள் குரலைக் கேட்கும் செவி என்று அதன் அடியில் பொறித்திருந்தது. நல்ல கனம்.

ஒரு கக்கத்தில் காதும், சட்டைப்பையில் சிபாரிசுக் கடிதமுமாக நேரே தங்கை வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்று, விழாவில் பேசிய சூட்டோடு, "வாயாடி, யார் வந்திருக்கான்னு பாரு" என்று கூப்பிட்டார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. மெஷின் மேல் இருந்த போன் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தது. அவளும் கூடவே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஆனால் போன் ஒரு வரியில் இருந்தது, அவள் வேறு வரியில் இருந்தாள். பிறகு நிறுத்தினாள். போனை எடுத்து இந்தக் காதில் வைத்துப் பார்த்தாள், அந்தக் காதில் வைத்துப் பார்த்தாள், குலுக்கினாள்.

"அம்மா" என்றாள், வீடே அதிரும்படி. "மாமா போனை வெச்சுட்டாரு."

அவள் கையில் மாமா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலர்கள் அனைவரும் வேறு குழந்தைகளின் நலனில் ஈடுபட்டிருக்கிறார்கள் என்றார்.

தங்கை மெஷினை நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள். வாசலில் காதோடு நின்ற அண்ணனைப் பார்த்தாள். வெண்கலம் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"அழைத்தவர் காதில் குரல் ஓய்ஞ்சிடுச்சு" என்றாள் தங்கை. "தீர்ந்ததுன்னு எழுதிக்கோ அண்ணா."