கைப்பைக்குள் போன மீன்

இயேசு மரி சூசை

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
2005 ஆவணி 3

அன்பின் அருமைராசா மச்சானுக்கு,

புனித அன்னம்மாளின் தயவால் இங்கே கடை, குடும்பம், என்னுடைய முழங்கால் மூன்றும் ஒருமாதிரி ஓடுகின்றன. ரொறன்ரோவில் உங்களுடையவையும் அப்படியே ஓட வேண்டுமென்று உங்கள் தங்கை றோசா நேற்றும் மெழுகுதிரி கொளுத்தினா. இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கர் அலுவலகத்தில் என் மகள் ஜென்சிக்கு ஒரு கதிரை இருக்கிறதென்று வைகாசியில் சொன்னீர்கள். அதில் வேறு ஒருவரையும் இருத்த வேண்டாம். நீங்கள் அவளுடைய ஞானத்தகப்பன். நீங்களே போன் எடுத்து, கல்லை விட்டுவிட்டுக் கணக்குக்கு வா பிள்ளை என்று சொல்ல வேண்டும். ஏன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளை பல்கலைக்கழகத்தில் கல்லைப் பற்றிப் படித்தது தெரியும்தானே. இந்தக் கோடையில் கியூபெக் நகரத்துக்கும் அப்பால், ஆற்றோரம், அரசாங்கம் காவல் போட்டு வைத்திருக்கிற ஒரு பாறைக்கரையில் வழிகாட்டி வேலை. பாறைக்குள்ளே மீன். முப்பத்தெட்டுக் கோடி வருடத்து மீன், கல்லாகிக் கிடக்கிறது. நேற்று வந்த அறக்குளா மீனை இன்றைக்கு ஐஸில் வைத்தால் என் வாடிக்கைக்காரர் மூக்கைப் பொத்துகிறார்கள். அங்கே அந்தப் பழைய மீனுக்கு ரிக்கற் விற்கிறார்கள். ஆனால் வருகிற சனம் காணாதாம், ஆள் கூடினால்தான் ஜென்சியின் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று மேலதிகாரி செலீன் சொல்லிவிட்டாவாம். பிள்ளை போனில் அழாத குறை. கணக்கு நல்ல தொழில்தான், ஆனால் பிள்ளை இந்த வேலைதான் வேண்டுமென்றால் நான் என்ன செய்ய? வாடிக்கை இல்லாத கடைக்கு வாடிக்கை பிடிப்பது எனக்குத் தெரியாத வித்தையா?

ஆடியில் அன்னம்மாள் திருநாளுக்கு வருடா வருடம் நான் பஸ் விடுகிறேன். பூசை முடிய அதே பஸ்ஸை ஆற்றோரமாய் இன்னும் கொஞ்சம் விட்டால் கூட்டம் தயார். ஆனால் கல்லுப் பார்க்க வாருங்கோ என்றால், டோர்வல் பக்கத்துக் கிடங்குகளில் இரவெல்லாம் பெட்டி தூக்கின சனம் ஏறுமா? ஜென்சி அனுப்பின படக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு பழைய பாதை இருந்தது. காடு வெட்டிக் குடியேற வந்த முதல் ஆட்கள் மாட்டு வண்டியில் மாவும் உப்பும் ஏற்றிப் போன தடமாம். தடத்தின் முடிவில் அவர்கள் நட்ட ஒரு சிலுவை. எனக்கு அது போதும். 'அன்னம்மாள் திருநாள் யாத்திரை. அத்துடன் பழம்பெரும் சிலுவை தரிசனம். மதியச் சாப்பாடு உண்டு' என்று எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளையின் வேலை விஷயத்தைக் கல்லாவடியில் வந்து நின்றவர்களுக்கு மட்டும் காதோடு சொன்னேன். பஸ் நிரம்பிவிட்டது. ஆற்றுக்கு அக்கரை, புரோசார்ட்டிலிருந்தும் வந்து ஏறினார்கள்.

அங்கே ஜென்சி தொப்பியும் சீருடையுமாய் நின்று மீனைக் காட்டினாள். சனம் மரியாதைக்குப் பார்த்தது. இது திரளி மீனின் சாதியோ என்று ஒருவர் கேட்டார். அதோடு மீன் முடிந்தது. எனக்குப் பிடித்தது பாதைதான், மச்சான். வண்டிச் சில்லு பாறையை அறுத்த தடம் இன்னும் கிடக்கிறது. பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் உப்பும் சீனிப்பாணியும் இழுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போன ஒரு வியாபாரியைப் பற்றிப் பலகையில் எழுதியிருந்தார்கள். அவனுக்காவது அந்தச் சனத்தின் பாஷை தெரிந்திருக்கும். நான் 'போன்ஜூர்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முதல் கடையைத் திறந்தவன். அவனுக்காகத் தொப்பியைக் கழற்றினேன். நான் அப்படி நின்ற நேரம்தான் விபரீதம் நடந்தது.

மன்னார் பிலோமினம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், என் கடையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாய் அமத்திப் பார்க்கிறவ. சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்று செபமாலை தொடங்கினா. முடிந்ததும், ஊரில் மடு மாதா கோயிலில் செய்கிற மாதிரியே, குனிந்து ஒரு பிடி மண் அள்ளிக் கைலேஞ்சியில் முடிந்தா. மடு மண் வீட்டில் இருந்தால் பாம்பு பூச்சி அண்டாதென்று நம் சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒருவர் அள்ள எல்லாரும் அள்ளினார்கள். கைலேஞ்சியில், வடை கொண்டுவந்த டப்பாவில், தண்ணீர்ப் போத்தலில். நான் திரும்பிப் பார்க்க, சிலுவையடி வெங்காயப் பாத்தி கொத்தின மாதிரிக் கிடந்தது. ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாதென்று வாசலில் பெரிதாய் எழுதியிருக்கிறது. தமிழில் எழுதவில்லையே என்று பிலோமினம்மா பிறகு வழக்காடினா.

செலீன் வந்து பார்த்தா. சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயம். அந்த மண்ணுக்குள்ளும் மீனின் செதிலும் பல்லும் கிடக்குமாம். பஸ் வெளிக்கிடுமுன் எல்லாம் திரும்பி வராவிட்டால் பொலிஸுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஜென்சியின் வேலையும் அதோடு சரி என்று அவ பிரெஞ்சில் சொன்னதைப் பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னாள். நான் பஸ்ஸில் ஏறிக் கேட்டேன். ஒருவரும் எடுக்கவில்லையாம். அதட்டினேன், கெஞ்சினேன், வருகிற கிழமை விளைமீன் பாதி விலை என்றேன். மீனுக்கு உடனே பெயர் கொடுத்தார்கள். மண் வரவில்லை.

அப்போது ஜென்சி ஏறினாள். வீட்டில் எங்களோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற பிள்ளை, பிலோமினம்மாவின் சீற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள்:

"மடுவில மண் தாறது மாதா. இஞ்ச உங்களுக்கு ஆர் தந்தது?"

பிலோமினம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தா. "நான் களவெடுக்கேல்லை பிள்ளை. நேர்த்தி வைச்சு எடுத்தனான்."

"என்ன நேர்த்தி?"

"உனக்கு இந்த வேலை நிரந்தரமாக வேணுமெண்டு. கொப்பர்தானே கடையில சொன்னவர்."

"நானும் அதுக்குத்தான்" என்று பின் சீற்றிலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. ஜென்சி எழும்பி முழு பஸ்ஸுக்கும் முகத்தைத் திருப்பினாள்.

"அப்ப திருப்பி வைச்சாத்தான் நேர்த்தி பலிக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் மச்சான். முழு பஸ்ஸும் இறங்கியது. அந்த வண்டித் தடத்தால் அன்னம்மாள் பாட்டைப் பாடிக்கொண்டு திருநாள் சுற்றுப்பிரகாரம் மாதிரிப் போய்ச் சிலுவையடியில் கொட்டினார்கள். வடை டப்பாவிலிருந்து விழுந்த மண்ணில் வெங்காயமும் இருந்தது. இன்னும் முப்பத்தெட்டுக் கோடி வருடம் கழித்து யாராவது அதைத் தோண்டிப் படிக்கட்டும். கடைசியாகப் பிலோமினம்மாவின் கைப்பையிலிருந்து விரல் நீளக் கல் ஒன்று வந்தது, அதிலே ஒரு மீன்வால். "வடிவாயிருந்தது, அதுதான்" என்றா. செலீன் அதை இரண்டு கையாலும் வாங்கினா.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். இந்தச் சனத்தையும் அந்தக் கல்லையும் ஒரே இடத்தில் வைத்துப் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? கணக்குக் கொப்பியை ஒருவரும் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு போக மாட்டார்கள். ஆகவே கதிரையைப் பிடித்து வையுங்கோ, போனை எடுங்கோ. வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்னம்மாளின் ஆசீர் நிறையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
எமிலியானுஸ்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஜென்சி போன் எடுத்தாள். வேலை நிரந்தரம். இந்த வருடம் ஒரே நாளில் அவ்வளவு ஆட்கள் வந்ததே இல்லையாம். எடுத்ததைப் பாட்டுப் பாடித் திருப்பி வைத்த கூட்டத்தைத் தான் கண்டதுமில்லை என்று செலீன் மேலிடத்துக்கு எழுதினாவாம். தந்தது செலீனோ அன்னம்மாளோ தெரியாது, மேலே எழுதினதை எல்லாம் விடுங்கோ. கதிரையில் யாரையாவது இருத்துங்கோ. போன் எடுத்து வாழ்த்து மட்டும் சொல்லுங்கோ. நேர்த்தி பலித்தபடியால் அடுத்த ஆடியில் நன்றிக்குப் போயே ஆக வேண்டும் என்று பிலோமினம்மா ஒற்றைக்காலில் நிற்கிறா. ரொறன்ரோ பஸ் உங்கள் பொறுப்பு. நீங்களும் வாருங்கோ. பொக்கற் இல்லாத காற்சட்டை போட்டுக்கொண்டு வாருங்கோ.