கொக்கு கட்டிய சமையலறை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அவர் பிறப்பதற்கு முன்பே பிறந்த வேன். உருண்டை மூக்கு, உருண்டைக் கண், மேடு ஏறினால் இருமல். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் சொல்லுகிறவர், வேனின் அடியில் துரு தின்றிருந்த ஓட்டையை மட்டும் பார்க்கத் தவறிவிட்டார்.

"இனிமே லீவுன்னா ஹோட்டல் கிடையாது, லாட்ஜ் கிடையாது," என்று மனைவியிடம் அறிவித்தார். "நினைச்ச இடத்துல நிறுத்தறோம். தூங்கறோம். சமைக்கறோம். சாப்பிடறோம்."

அவர் மனைவி தையல்காரி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"தூங்கறது ரெண்டு பேரு. சாப்பிடறது ரெண்டு பேரு. சமைக்கறோம்னீங்களே, அதுல எத்தனை பேரு?"

"அட, உனக்காகத்தானே இவ்வளவும். வேனுக்குள்ளயே சின்னதா ஒரு கிச்சன் கேபினெட் பண்ணப்போறேன். அடுப்பு, தொட்டி, இழுப்பறை, எல்லாம் ஒரே பெட்டியில. நீ ஏரியைப் பாத்துக்கிட்டே வெங்காயம் நறுக்கலாம்."

"வெங்காயம் நறுக்குறப்ப ஏரி தெரியாதுங்க. கண்ணுல தண்ணிதான் தெரியும்."

"ஏரியும் தண்ணிதானே," என்றார் அவர்.

வருஷம் முழுக்க வீட்டில் சமைக்கிறவளுக்கு லீவு நாளில் என்ன பரிசு தரலாம் என்று யோசித்து, அதைவிடக் குறுகலாக, ஓடுகிற சமையலறை ஒன்றைத் தரலாம் என்று முடிவுக்கு வந்த மகானுபாவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவள் மறுபடி ஊசிகளைக் கவ்விக்கொண்டாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வாய் நிறைய ஊசி வைத்திருப்பவளின் மௌனத்தைப் பற்றிப் பழமொழி எதுவும் அவருக்குத் தெரியாது.

வேலை ஆரம்பமானது. அவருக்குக் கழுத்தும் நீளம், காலும் நீளம். தெருவில் அவருக்குக் கொக்கு என்றுதான் பெயர். வேனின் கூரை பெட்டி மூடி மாதிரித் திறக்கும்; அதைத் தூக்கி முட்டுக் கொடுத்தால்தான் உள்ளே அவரால் நிமிர முடியும். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அந்த ஒன்றும் இப்போது ப்ளைவுட்டில் இருந்தது. வேனின் சுவரோ விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி வளைந்திருந்தது. அட்டையை வெட்டி வைத்துப் பார்ப்பார், இடிக்கும். மறுபடி வெட்டுவார், இடைவெளி விழும். வீட்டில் அட்டை தீர்ந்ததும், கடையில் கண்ணாடி வந்த பெட்டிகளையும் வெட்டித் தீர்த்தார்.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணாடிக்காரரே, வேனுக்குள்ள அலமாரியா, அலமாரிக்கு வெளிய வேனா?"

"முடிஞ்சதும் பாருங்க. கச்சிதமா இருக்கும்."

"இருக்கட்டும். நின்னு சமைக்க இடம் இருக்குமா?"

"ஒரு ஆள் தாராளமா நிக்கலாம்."

"எந்த ஆளு?"

அதற்கு ரம்பம்தான் பதில் சொன்னது.

மேடையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டிய நாளில் மனைவியைக் கூப்பிட்டார். தையல்காரிக்கே அளவெடுக்கிறோமே என்று பெருமை வேறு. அவளோ அவர் நெஞ்சுக்கும் கீழேதான் வருவாள்.

"என் உயரத்துக்கு வச்சா, செஞ்சு முடிக்கிறதுக்குள்ள உங்க இடுப்பு ஒடிஞ்சு போயிரும்ங்க," என்றாள். "உங்களுக்குத் தோதா வைங்க."

"அப்ப உனக்கு எட்டாதே?"

"நான் ஒரு முக்காலி போட்டு ஏறிக்கறேன். எனக்கு உங்க இடுப்புதான் முக்கியம்."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நெகிழ்ந்து, மேடையைத் தன் இடுப்பு உயரத்துக்கே ஏற்றினார். அவர் இடதுகைக்காரர். அடுப்பின் திருகு, குழாய், கத்தி செருகுகிற பிளவு எல்லாம் இடது பக்கமாகவே போய் உட்கார்ந்தன. அவள் டீயோடு வந்து பார்த்தாள். "கை தானாப் போகுது பாருங்க," என்று பாராட்டினாள். யார் கை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வண்டி ஓடும்போது இழுப்பறை திறந்து பாத்திரம் பறக்காமல் இருக்க ஒரு தாழ்ப்பாளும் கண்டுபிடித்தார். தூக்கி, இடப்பக்கம் நெம்பி, கட்டைவிரலால் ஒரு தட்டு. அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போனார்.

"எனக்கு எதுக்குங்க? நீங்கதான் கூடவே இருப்பீங்களே."

இதையும் அவர் அன்புக் கணக்கில்தான் சேர்த்தார்.

முதல் பயணம் ஏரிக்கரைக்கு. காலையில் கூரையைத் தூக்கி நிறுத்திவிட்டு, வெளியே மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ம், ஆரம்பி. டீ, அப்புறம் முட்டை."

அவள் உள்ளே போனாள். மேடை அவள் கழுத்தைத் தொட்டது.

"முக்காலியைப் போட்டுக்கயேன்."

"போட்டுட்டேங்க. இப்ப இழுப்பறை திறக்க மாட்டேங்குது. முக்காலி இடிக்குது."

"முக்காலியை எடுத்துட்டுத் திற."

"எடுத்துட்டேன். தாழ்ப்பாள் வரல."

"தூக்கி, நெம்பி, ஒரு தட்டு."

"தட்டுனா கைதாங்க வலிக்குது."

"நகரு, நான் வரேன்."

நகர ஏது இடம்? அவள் வெளியே இறங்கினால்தான் அவர் உள்ளே ஏற முடியும். இறங்கினாள். ஏறினார். தாழ்ப்பாள் சொன்னபடி கேட்டது. முட்டையை எடுத்தார். இடது கை தானாகப் போய்த் திருகைத் திருகியது. அடுப்பு குப்பென்று பற்றியது. தன் வேலைப்பாட்டைத் தானே மெச்சிக்கொண்டு திரும்பினால், நாற்காலியில் அவள் சாய்ந்திருந்தாள்.

"உக்காந்துட்டியா? உள்ள வா."

"ரெண்டு பேரு நிக்க முடியாதேங்க."

"அப்ப டெய்லி நானா சமைக்கறது?"

"யாருக்கு அளவெடுக்கறமோ, சட்டை அவங்களுக்குத்தானே பொருந்தும்? எல்லாம் உங்க அளவுல இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

எண்ணெய் படபடவென்று தெறித்தது. அவள் பைக்குள் கையை விட்டு, மடித்து வைத்த ஏப்ரன் ஒன்றை நீட்டினாள். "சட்டை பாழாயிரும். இதைக் கட்டிக்கங்க."

கட்டிக்கொண்டார். கழுத்து, நீளம், எதிலும் குறை சொல்ல வழியில்லை. கேபினெட் முடிந்தபிறகு, மேடை தனக்கு எட்டவில்லை என்று தெரிந்துதான் அவசரமாகத் தைத்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"இதை எப்பத் தச்ச?"

"நீங்க வேனை வாசல்ல கொண்டாந்து நிறுத்துனீங்களே," என்றாள் அவள், ஏரியைப் பார்த்தபடியே, "அன்னிக்கே."