பச்சைக்கு ஒரு பேர் குறைகிறது

மாமல்லபுரம் சாலையில் எங்கள் பட்டறையில் வாங்கிய ஸ்டோன்வேர் கோப்பை உங்கள் வீட்டில் இருந்தால், அதற்கு நிறம் கொடுத்தது செத்துப்போன நாலு பேர் என்று நான் சத்தியம் செய்வேன். நடுவில் நின்று வேலை பார்த்தது மட்டும் நாங்கள் முக்கு மாஸ்டர் என்று கூப்பிட்ட ஆள். அவருடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நான் அங்கே சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்த்தேன். மாஸ்டருக்கு க்ளேஸ் வேலை. ஒருமுறை சுட்ட மண்பாத்திரத்தை அந்தப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்து, திரும்பச் சூளையில் வைத்தால்தான் நிறமும் பளபளப்பும் வரும். எவ்வளவு நேரம் முக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் பூச்சு மெலிந்து மண் நிறம் எட்டிப்பார்க்கும். கூடினால் சூளையில் உருகி வழிந்து, பாத்திரம் அடியிலிருக்கும் கல்பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற பட்டறைகளில் ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுப்பார்கள். எங்கள் மாஸ்டர் தன் வீட்டில் செத்தவர்களின் பேரைச் சொல்லி எடுப்பார்.

வெள்ளைக்கு இரண்டு பேர். அப்பா முனுசாமி, கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன் ஏழுமலை. நீலத்துக்கு மூன்றாவதாக மாமியார் குப்பம்மா சேர்ந்துகொள்வார். பழுப்பு என்றால் நாலாவதாகச் சித்தப்பா தேசப்பன். வரிசை மாறவே மாறாது.

“ஏன் மாஸ்டர், உங்களுக்கு நம்பர் வராதா?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“ஒண்ணு, ரெண்டுன்னா கோவம் வந்தா வேகமா ஓடிடும் சார். செத்தவங்கள வெரட்ட முடியுமா? அவங்க பொறுமையாத்தான் வருவாங்க.”

அதிலும் ஒரு பாரபட்சம் உண்டு. மாமியார் பேரை மட்டும் பாதி முழுங்கிவிட்டுப் பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுவார். அதனால் எங்கள் நீலம் எப்போதும் கொஞ்சம் மெல்லிசு. வாங்குகிறவர்களோ, “அப்படியே கடல் மாதிரி இருக்கே” என்று மெச்சுவார்கள். ஒரு சண்டைக்கார மாமியாரால் வந்த கடல் அது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாவலூரிலிருந்து பட்டறை பார்க்க வந்த ஒரு அம்மாள், மாஸ்டர் கண்ணை மூடி முணுமுணுப்பதைப் பார்த்து ஏதோ மந்திரம் என்று நினைத்து, செல்போனில் பதிவு செய்துகொண்டார். ஒரு மாதம் கழித்து வந்து, தினமும் காலையில் சொல்வதாகவும், ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாகவும் சொன்னார். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்க மாமியாரால ஒர்த்தருக்கு நல்லது நடந்திருக்குதுன்னா அது இதான் சார்” என்றார்.

வினை பச்சையில் வந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்று பெரிய பெரிய தட்டுகளாக, அடர்ந்த பச்சையில் கேட்டது. முதலாளி சோதனைத் துண்டுகளை முக்கிப் பார்த்ததில், பழுப்பைவிட ஒரு மூச்சு நேரம் கூட வேண்டும் என்று தெரிந்தது. விரல் தடம் விழாமல் அந்தத் தட்டை முக்கி எடுக்க மாஸ்டரை விட்டால் ஆள் கிடையாது. அவர் பூச்சு வாளியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பச்சைக்கு ஒரு பேர் கொறையுது சார்.”

“அப்பா பேரையே இன்னொரு தரம் சொல்லுங்க.”

“எங்க நைனா ரெண்டு தரமா செத்தாரு?”

“செத்துப்போன நடிகர் யாரையாவது சொல்லுங்க.”

“அவரு எனக்கு இன்னா மொற?”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அப்ப நான் வேணா செத்துத் தரட்டுமா?” என்றேன். அவர் அதையும் யோசித்துப் பார்த்துவிட்டு, “நீ நமக்கு ஒறவு இல்லியே சார்” என்றார்.

அந்தச் சமயத்தில் அவர் மனைவி பவுனு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். மத்தியானம் மீன் கூடையோடு பட்டறை வாசலில் நின்று, சாப்பாட்டுத் தூக்கை நீட்டி, புருஷனை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறவர். கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. மாஸ்டர் ராத்திரி அங்கே படுத்து, காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்.

முதல் சூளையில் பச்சைத் தட்டுகள் பூச்சு மெலிந்து, விளிம்பெல்லாம் மண் தெரிய வந்தன. இரண்டாவது சூளையும் அப்படியே. இந்த மனுஷன் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து, மறுநாள் பக்கத்திலேயே போய் நின்றேன். முனுசாமி, ஏழுமலை, குப்பம்மா, தேசப்பன். அதற்கப்புறம் வாய் திறந்தது. உடனே பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை வெளியே இழுத்துவிட்டார்.

“ஏன் எடுத்தீங்க?”

“நாலுக்கு அப்பால வாய் தானா அவ பேருக்குப் போவுது சார்.” தட்டைக் கீழே வைத்தார். “அவ உசுரோட கீறா. நான் எப்டி சொல்லுவேன்?”

முதலாளியிடம் போய், பச்சைப் பொடியில் ஏதோ கோளாறு என்று கூசாமல் பொய் சொல்லி, ஓட்டலிடம் பத்து நாள் தவணை வாங்கினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. பத்து நாளில் என்ன நடக்கும் என்று நான் தவணை வாங்கினேன்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஏழாம் நாள் பவுனு போய்விட்டார்.

பால் தெளித்த மறுநாளே மாஸ்டர் பட்டறைக்கு வந்து நின்றார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. “வூட்ல குந்திகினு இருக்க முடியல சார். அந்தத் தட்டுங்கள எடுத்துக் குடு” என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். ஐந்தாவது பேரைக் காதால் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

சூளை ஆறித் திறந்தபோது பச்சை வந்திருந்தது. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தட்டும் கையோடு வரவில்லை. பூச்சு கனத்து, வழிந்து, அத்தனையும் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அதுவரை ஒரு சாஸரைக்கூட ஒட்டவிடாத மனுஷன். ஓட்டல்காரர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள். முதலாளி கத்தித் தீர்த்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, உளியால் ஒவ்வொரு தட்டாகப் பெயர்க்க ஆரம்பித்தார்.

“அவ பேரு மட்டும் சீக்கிரம் முடிய மாட்டேங்குது சார்,” என்றார்.

நான் இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். “மெதுவாவே சொல்லு அண்ணாத்த,” என்றேன். அந்த நாள் வரைக்கும் அவரை நான் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.