இன்னும் கொஞ்சம் பொங்கட்டும்

காலை ஆறு மணிக்கு ஒரு கண்ணாடி ஜாடியைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும் ஆசாமியைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் புளிமாப் பரிசோதகர். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் புளிமா பதத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்ல, தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

ஃபெஸ் நகரத்தில் எங்கள் சந்துக்கு வாய்த்தவர் ஹாஜி லஹ்சன். தபால் ஆபீஸில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். முந்தின இரவு புதுமாவும் தண்ணீரும் சேர்த்த ஜாடியில் மட்டத்துக்கு ஒரு நூல் கட்டுவார். விடிந்ததும் நூலுக்கு மேல் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று அளப்பார். மோந்து பார்ப்பார், நக்கிப் பார்ப்பார், துளி எடுத்துத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மிதக்கும். மிதந்தால் என்ன?

"நேத்து இதைவிட ஜோரா மிதந்துச்சு. இன்னும் கொஞ்சம் பொங்கட்டும்."

மகள் இல்ஹாமைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் இதே தீர்ப்புதான். இரண்டு முறை. பையன் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமானவன், இல்ஹாமுக்கும் பிடித்திருந்தது. ஹாஜிக்கு மட்டும் பதம் போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் முறையாக மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். இதுதான் கடைசி என்று பையனின் தாயார் சொல்லியனுப்பியிருந்தார். வீட்டில் பிசைந்த ரொட்டியைக் காசுக்குச் சுட்டுத்தரும் தெரு அடுப்பிலோ பதினொரு மணிக்கு மேல் ரொட்டித் தட்டு வாங்க மாட்டார்கள்.

"ஏங்க, ஜாடி வாய்வரைக்கும் வந்துடுச்சு. பிசையட்டுமா?" என்றார் மனைவி ஹனியா.

"பொறு."

ஏழு மணிக்கும் பொறு. எட்டு மணிக்குப் புளிமா பொறுக்கவில்லை. பொசுக்கென்று நூல் மட்டத்துக்கே இறங்கி, காடி நெடி வீசியது.

"யாரோ கண்ணு போட்டுட்டாங்க" என்று எதிர் வீட்டு ஜன்னலில் நின்ற என்னை முறைத்தார்.

அவர் முறைத்ததில் கொஞ்சம் நியாயம் உண்டு. இல்ஹாம் ஆறேகாலுக்கே எங்கள் கதவைத் தட்டி, எங்கள் ஜாடியிலிருந்து புளிமா எடுத்து, எங்கள் சமையலறையிலேயே பிசைந்து வைத்திருந்தாள். அடுப்புக்குச் சுமந்துபோய்ச் சுட்டு வந்தவன் நான். அந்த உரிமையில் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டேன்.

பையனின் தாயார் ரொட்டியைப் பிய்த்தார். "ரொட்டி நல்ல பதம், ஹாஜி. நம்ம விஷயம் என்ன ஆச்சு?"

"அவசரம் என்ன? இன்னும் கொஞ்சம்..."

இல்ஹாம் எழுந்துபோனாள். இறங்கிப்போன ஜாடியைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாப்பா, காலைல இதுவும் பொங்கித்தான் இருந்துச்சு."

ஹாஜி ஜாடியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அடுத்த மாசமே வச்சுக்கலாம்" என்றார், மெதுவாக.

இப்போது சந்து முழுக்க, சரியான பதம் பார்த்துச் சம்மதம் சொன்னதாகப் பீற்றிக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் அலமாரியிலும் ஒரு ஜாடி இருக்குமே. எழுதி முடித்தும் அனுப்பாத கடிதமோ, கோபம் தீர்ந்தும் கூப்பிடாத தம்பியோ. இன்றைக்கே மூடியைத் திறந்து பாருங்களேன். என்ன, சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் பார்க்கிறீர்களா?

வாருங்கள், ஹாஜி.